எப்பவும் போலதானுங்களா

3 ஜனவரி 2024, புதன்

ஸ்டெல்லா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த டைரி இது. கேக் டப்பாவோட சேத்துக் கட்டிக் கொடுத்ததுல ஒரு ஓரம் எண்ணெய். "எழுதுடி, ரிட்டயர் ஆனா பொழுது போகாது"ன்னா. ரிட்டயர் ஆக மூணு மாசம் கிடக்கு, அதுக்குள்ள என்னை மூலையில உக்கார வைக்கப் பாக்கறா. அவளும் என் கூடவே ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவதான், அவளுக்கு மட்டும் பொழுது போயிருமாக்கும்.

வத்சலா மேடம் இன்னைக்குக் கூப்பிட்டு விட்டாங்க. எங்க ஆய்வு நிலையத்துக்கு அவங்கதான் தலைமை. மார்ச் கடைசியோட ஆய்வு முடியுதாம். பதினேழு வருஷத்துக் கேள்விப் பாரங்களையும் கம்ப்யூட்டர்ல இருக்கறதோட சரிபாத்து அடுக்கிக் கொடுக்கணுமாம். சிங்காநல்லூர் மில் லைன், மில்காரங்க குடியிருக்கற வீடுங்க, என் ஏரியா. எழுபத்தொரு பெண்கள். வருஷா வருஷம் மாசி மாசம் அதே எழுபத்தொரு வீடு, அதே நாப்பது கேள்வி. தூக்கம் எப்படி, கோபம் எப்படி, மனக்கஷ்டம் எத்தனை நாள், வேலைக்குப் போறாங்களா. ஸ்டெல்லாவுக்குப் போத்தனூர். இன்னும் ரெண்டு ஏரியாவுக்கு வேற வேற ஆளுங்க வந்து போனாங்க. நானும் ஸ்டெல்லாவும்தான் முதல் நாள்ல இருந்து இருக்கறோம்.

சிலிண்டர் வரலை. அவர் சாப்பிட்டார். எப்பவும் போல.

5 ஜனவரி, வெள்ளி

2007 கட்டைப் பிரிச்சேன். தூசி மூக்குல ஏறி இருபது தும்மல். அடேங்கப்பா, என் கையெழுத்து அப்ப எவ்வளவு அழகு! இப்ப எழுதறதை நானே ரெண்டு தரம் படிக்க வேண்டியிருக்கு.

மூணு மணிச் சங்கு ஊதற வரைக்கும் மில் கேட்டுக்கு எதிர்ல இருந்த டீக்கடையில காத்துக் கிடப்பேன், போத்தனூர் வேலை முடிஞ்சா ஸ்டெல்லாவும் துணைக்கு வந்துருவா. சங்கு ஊதினதும் தலையெல்லாம் பஞ்சோட பொம்பளைங்க கும்பலா வருவாங்க. அவங்க பின்னாடியே வீட்டுக்குப் போகணும், அப்பத்தான் பேச்சுக் கிடைக்கும். ஒரு மணி நேரம் விட்டா சமையல், தண்ணி, பிள்ளைங்கன்னு போயிருவாங்க. 12-ம் நம்பர் வீட்டுல டீக்குத் தொட்டுக்கத் தட்டு நிறைய வர்க்கி வைப்பாங்க. 40-ம் நம்பர் வீட்டு நாய் என் மொபெட் சத்தம் கேட்டாலே தெருமுனைக்கு வந்துரும். அந்த நாய் செத்த வருஷம் அந்தம்மா கேள்விக்குப் பதிலே சொல்லாம அழுதாங்க. நானும் அழுதேன், பாரம் நனைஞ்சு போச்சு. அந்தக் கறை இப்பவும் இருக்கு, தடவிப் பாத்தேன்.

அந்த மில்லும் இல்லை, சங்கும் இல்லை. அந்த இடத்துல இப்ப அடுக்குமாடி. மூணு மணின்னா இன்னும் எனக்குக் காது தானா நிமிருது.

9 ஜனவரி, செவ்வாய்

புதுசா நௌஷாத் சார் வந்திருக்கார். மேட்டுப்பாளையத்துக்காரர், நாப்பது வயசுக்குள்ளதான். புள்ளிவிவரம் பாக்கறவர். வந்ததும் வராததுமா என் மேசை ஓரத்துல உக்காந்து, "உங்க கட்டுதானுங்க்கா அழகா அடுக்கியிருக்கு"ன்னார். நல்ல பையன்.

அவருக்கு ஒரு தலைவலி. "நம்ம அறிக்கையில முதல் வரியே, வேலைக்குப் போற பெண்களுக்கு மனக்கஷ்டம் கம்மிங்கறதுதானுங்க்கா. ஆனா அது வேலைக்குப் போறவ ஒருத்தியையும் போகாதவ இன்னொருத்தியையும் பக்கத்துல நிறுத்திச் சொல்றது. ஒரே பொம்பளை வேலைக்குப் போக ஆரம்பிச்சா அவளுக்கு மனக்கஷ்டம் குறையுதான்னு இது சொல்லாது. ரெண்டும் வேற வேற கேள்வி."

"அதென்னுங்க சார் பெரிய வித்தை? கண்ணாடி போட்ட பிள்ளைங்க நல்லாப் படிக்குதுன்னு கண்ணாடி வாங்கி மாட்டிவிட்டா மார்க் வந்துருமா?"ன்னேன்.

வாய்விட்டுச் சிரிச்சுட்டு அதை நோட்டுல எழுதிக்கிட்டார். நான் சொன்னதை ஒருத்தர் எழுதி வச்சுக்கறது எத்தனை வருஷத்துக்கப்புறம்!

11 ஜனவரி

மாவாட்டினேன். அவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கினேன்.

17 ஜனவரி, புதன்

பொங்கலுக்கு மக வரலை, ஓசூர்லயே இருந்துக்கிட்டா. பரவாயில்லை. பருப்பும் வெல்லமும் வச்சு ஒப்பிட்டு சுட்டேன், அவர் ரெண்டு தின்னார்.

எழுதவே பிடிக்கலை. இருந்தாலும் எழுதறேன்.

நௌஷாத் சார் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். மனக்கஷ்டத்துக்கு சைபர்ல இருந்து நாலு வரைக்கும் மார்க். ஒரு நாளும் இல்லைன்னா சைபர், பாதி நாள்னா ரெண்டு, எல்லா நாளும்னா நாலு. போத்தனூர்ல ஆளுக்கு ஒரு உயரத்துல கோடு ஓடுது. ஒருத்தி மேல, ஒருத்தி கீழ. என் ஏரியாவுல எழுபத்தொரு கோடும் நடுவுல ரெண்டுலயே ஒண்ணு மேல ஒண்ணா ஓடுது. எப்பவாவது ஒரு வருஷம் ஏறுது, இல்லேன்னா இறங்குது, திரும்ப ரெண்டுக்கே வந்துருது.

"மனுஷங்க இப்படி ஒரே மாதிரி இருக்கமாட்டாங்க அக்கா"ன்னார். அப்புறம், "தப்பா நினைக்காதீங்க. எல்லா வீட்டுக்கும் நேர்ல போனீங்களா?"

போனீங்களான்னு கேட்டான்! மழையில, வெயில்ல, நாய்க்கடி வாங்கி, கர்ப்பப்பை எடுத்து முப்பதாம் நாள் மொபெட் ஓட்டிக்கிட்டுப் போனவளைப் பாத்து!

"வீட்டுல உக்காந்து நானே டிக் அடிச்சேன்னு சொல்றீங்களா? நேராச் சொல்லுங்க"ன்னு கத்திட்டு வந்துட்டேன். கத்தினது வராண்டா முழுக்கக் கேட்டிருக்கும். கேக்கட்டும்.

18 ஜனவரி

லீவு போட்டேன். ஸ்டெல்லாகிட்ட போன்ல ஒரு மணி நேரம் அழுதேன். "அவன் கிடக்கறான் பொடிப்பய"ன்னா.

அவர்கிட்ட சொல்லலை. சொன்னா என்ன சொல்லுவார்? ஒண்ணும் சொல்லமாட்டார்.

22 ஜனவரி, திங்கள்

கடிதம் கையில வந்துருச்சு. மேடம் கையெழுத்து. என் ஏரியாவோட பதிவுகள் 'நம்பத்தகாத அளவுக்கு ஒரே சீராக' இருக்குதாம். பிப்ரவரி பதினஞ்சாம் தேதி குழு கூடுது. அதுக்குள்ள சரியான விளக்கம் இல்லேன்னா எழுபத்தொரு பேரோட பதினேழு வருஷமும் ஆய்வுல இருந்து நீக்கப்படும். காரணம்னு போடற இடத்துல, களப்பணியாளர் இட்டுக்கட்டியது.

பதினேழு வருஷம் இந்த ஒரு வார்த்தையோட முடியப் போகுது. கடிதத்தை நாலா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு சிங்காநல்லூர் வரைக்கும் பஸ்ஸுல போயிட்டு இறங்காமயே திரும்பி வந்தேன்.

24 ஜனவரி, புதன்

மூட்டையா எல்லாப் பாரத்தையும் தூக்கிட்டுப் போய் நௌஷாத் சார் மேசையில போட்டேன். "கேளுங்க. எந்த நம்பர் வேணாலும் கேளுங்க. அந்த வருஷம் அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். வீட்டுல உக்காந்து எழுதினவளுக்கு இதெல்லாம் தெரியுமா பாப்போம்."

அவர் ஒரு கோட்டைத் தொட்டார். "34. 2015-ல நாலுக்கு ஏறியிருக்கு."

"பையன் பைக்குல போய் விழுந்துட்டான். காலை எடுத்துட்டாங்க."

"51. 2018-ல சைபர்."

"பதினோரு வருஷம் கழிச்சுப் பிள்ளை உண்டாச்சு. எனக்கு வளையல் போட்டு விட்டா."

"2013-ல அனேகமா எல்லாமே ஏறுது."

"மில்லை மூடினாங்க சார்."

அவர் கையைக் கட்டிக்கிட்டு என்னையே பாத்தார். "நீங்க போயிருக்கீங்க அக்கா. நான் கேட்டது தப்பு, மன்னிச்சுருங்க"ன்னார். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"நான்தான் அந்த வீட்டுக்காரின்னு வைங்க. மனக்கஷ்டக் கேள்வியை எப்படிக் கேப்பீங்களோ அப்படியே என்னைக் கேளுங்க."

நானும் கேட்டேன். "ஏனுங்க அம்மிணி, மனசெல்லாம் எப்பவும் போலதானுங்களா? கூடவா, கம்மியா?"

"எப்பவும் போலதானுங்க."

"அப்ப ரெண்டு"ன்னு விரலைக் காட்டினேன்.

தலையில கையை வச்சுக்கிட்டார். பாரத்துல அச்சடிச்ச கேள்வியைச் சத்தமா வாசிச்சார்: 'கடந்த முப்பது நாட்களில் தாங்கள் மனச்சோர்வுற்றிருந்த நாட்கள் எத்தனை?'

"இப்படிக் கேட்டா எவ சார் பதில் சொல்லுவா? முதல் வாரம் அப்படித்தான் கேட்டேன். ரேடியோவுல செய்தி வாசிக்கற மாதிரி இருக்குதுன்னு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க."

"அக்கா, நான் 'இவங்க மத்தவங்களோட ஒப்பிட்டா எப்படி'ன்னு கேட்டு வரச் சொன்னேன்னு வைங்க. நீங்க 'இவங்க வழக்கமான இவங்களோட ஒப்பிட்டா எப்படி'ன்னு கேட்டுட்டு வந்திருக்கீங்க. எல்லாருக்கும் அவங்கவங்க வழக்கம்தான் ரெண்டு. அதனாலதான் எழுபத்தொரு கோடும் ஒரே இடத்துல நிக்குது."

"அப்ப என் வேலை வீணா?"

"அதுதான் எனக்குத் தெரியலை. ரெண்டு நாள் கொடுங்க."

வீட்டுக்கு வந்து ஞாபகம் வந்துச்சு. அந்தக் கேள்வியை நான் கண்டுபிடிக்கலை. 2007-ல பயிற்சி முடிச்சுட்டு வந்து வீட்டுல அவரை உக்கார வச்சு நாப்பது கேள்வியும் கேட்டுப் பழகினேன். அப்ப அவர் மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தார், கையெல்லாம் எண்ணெய் வாசம். மனச்சோர்வுன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சார். "இதென்ன புள்ளை பாஷை! பேசாம எப்பவும் போலதானுங்களான்னு கேட்டுட்டுப் போ"ன்னார். சாயங்காலம் வந்ததும் "இன்னைக்கு எத்தனை வீடு? யாரு என்ன சொன்னாங்க?"ன்னு அவர்தான் முதல்ல கேப்பார். வேண்டாம் வேண்டாம்னாலும் விடமாட்டார்.

அவ்வளவு பேச்சுப் பேசுவார் அப்பல்லாம்.

26 ஜனவரி, வெள்ளி

கொடி ஏத்தறதுக்கு ஆபீஸ் போனேன். மிட்டாயைக் கையில வச்சுக்கிட்டே நௌஷாத் சார் ஓடி வந்தார்.

"அக்கா, உங்க ஏரியாவுலதான் என் தலைவலிக்கு மருந்து இருக்கு!"

ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம் என் பாரத்துல துடைச்சு விட்ட மாதிரி இல்லை. அதனாலேயே ஒவ்வொருத்தியோட மாற்றம் மட்டும் தெளிவாத் தெரியுதாம். என் ஏரியாவுல ஒருத்தி வேலைக்குப் போக ஆரம்பிச்ச வருஷம் மனக்கஷ்டம் குறையறதில்லை, ஏறுது. முக்கியமா வீட்டுக்காரருக்கு வேலை போய் இவ கிளம்பின வீடுகள்ல. போத்தனூர்லயும் ஒவ்வொருத்தியா அவளோட சராசரியைக் கழிச்சுட்டுப் பாத்தாராம், அங்கயும் அதேதான்.

"அப்ப வேலைக்குப் போறவங்க நல்லா இருக்காங்கன்னு வந்ததெல்லாம்?"

"முன்னாடியே நல்லா இருந்த வீட்டுல இருந்துதான் நிறையப் பேர் வேலைக்குப் போயிருக்காங்க. கண்ணாடி கதைதானுங்க்கா."

மிட்டாயை எனக்கே கொடுத்துட்டார். தலை கால் புரியலை எனக்கு. திரும்பி வர்றப்ப பூ கூட வாங்கினேன், ரெண்டு முழம்.

2013-ல நானும் முழு நேரமா மாறினேன். அது சும்மா ஞாபகம் வந்துச்சு, எழுதினேன்.

30 ஜனவரி, செவ்வாய்

அடுக்கற வேலை பாக்கி. அறுபதுல இருந்து எழுபத்தொண்ணு வரைக்கும் இன்னைக்கு.

63, நாகமணி. எனக்கு ரொம்பப் பிடிச்ச வீடு அது. பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். வீடு பளிச்சுன்னு இருக்கும், டீ சரியான சூட்டுல வரும், வம்பு பேசமாட்டா. "எப்பவும் போலதானுங்க சர்வேக்கா"ன்னு ஒரே பதில். சீக்கிரம் முடிக்கணும்னா கடைசியா அவ வீட்டை வச்சுக்குவேன்.

பதினேழு பாரத்தையும் வரிசையா மேசையில பரப்பினேன். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. மில் மூடின வருஷம் கூட ரெண்டு.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. எப்பவும் போலன்னா எதுங்க அந்த எப்பவும்? நான் ஒரு தரம் கூட கேக்கலையே.

ஆய்வுல ஒரு விதி இருக்கு. ரெண்டு வருஷம் தொடர்ந்து நாலு வாங்கினா மனநல டாக்டர்கிட்ட அனுப்பணும், எல்லாச் செலவும் நிலையத்தோடது. போத்தனூர்ல இருந்து ஸ்டெல்லா இருபத்து மூணு பேரை அனுப்பியிருக்கா. நான் மூணு பேரை. "உன் ஏரியா புண்ணியம் பண்ணின ஏரியாடி"ன்னு அவ கேலி பண்ணுவா, நானும் பெருமையாச் சிரிப்பேன். கஷ்டம் புதுசா வந்தாத்தான் என் பாரத்துல ஏறும். முதல் நாள்ல இருந்தே கஷ்டத்துல இருக்கறவளுக்கு அதுதான் எப்பவும்.

2 பிப்ரவரி, வெள்ளி

நாகமணி வீட்டுக்குப் போனேன். மாசி பொறக்கலை, கையில கட்டும் இல்லை, அவளுக்கு ஆச்சரியம். "வாங்க்கா, என்னுங்க இப்பவே?" டீ வந்துச்சு, சரியான சூட்டுல.

"நாகமணி, ஒரே ஒரு கேள்வி. நான் சரியாக் கேக்காம விட்டுட்டேன். போன முப்பது நாள்ல எத்தனை நாளு மனசு சரியில்லாம இருந்துச்சு? எப்பவும் போலன்னு சொல்லாத கண்ணு. நாளை எண்ணிச் சொல்லு."

சிரிச்சா. விரலை மடிக்க ஆரம்பிச்சா. பொங்கல் வந்ததும் எண்ணறதை நிறுத்தினா, வெள்ளிக்கிழமைன்னு ஏதோ முணுமுணுத்தா. அப்புறம் கையை மடியில வச்சுக்கிட்டா.

"எல்லா நாளும்னு ஒரு கட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அதுல போட்டுக்குங்க."

"எப்ப இருந்து?"

"சின்னவ பொறந்ததுல இருந்துங்க." சின்னவளுக்கு இப்ப இருபது வயசு. "காலையில கண்ணு முழிக்கறதே பாரமா இருக்குங்க. வீட்டுக்காரர் தங்கமானவரு. பிள்ளைங்க ஒரு சொல்லு சொன்னதில்லை. ஒரு குறையும் இல்லீங்க, அதனாலதான் யாருகிட்டயும் சொல்ல முடியலை. வீட்டைத் துடைச்சுக்கிட்டே இருப்பேன். துடைக்கற நேரம் மட்டும் கொஞ்சம் தேவலை."

பளிச்சுன்னு இருக்குதுன்னு நான் மெச்சின வீடு.

கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டா, கோபமில்லாமத்தான் கேட்டா. "பதினேழு வருஷமா வர்றீங்களே அக்கா. ஏனுங்க இதைக் கேக்கலை?"

கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவதான் என்னைத் தேத்தினா. இதைவிடக் கேவலம் எனக்கு வேணுமா?

3 பிப்ரவரி

ஸ்டெல்லா வீட்டுக்கே வந்துட்டா. அவ சொன்னதை அப்படியே எழுதறேன்.

"லூசு மாதிரி பண்ணாத. நீ இட்டுக்கட்டலைன்னு அந்தப் பையன் நிரூபிச்சுட்டான். உன் ஏரியாதான் ஆய்வையே காப்பாத்துதுன்னு மேடம் காதுலயும் போட்டுட்டான். கேள்வியை எளிமையாக் கேட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடு, சால்வை போடுவாங்க, வாங்கிட்டு வா. அந்த 63 பத்தி யாருக்கும் தெரியாது. நீயா போய் எதுக்குத் தலையைக் கொடுக்கற?"

"டாக்டர்கிட்ட அனுப்ப வேண்டியவளை அனுப்பாம விட்டிருக்கேன் ஸ்டெல்லா."

"தனியாக் கூட்டிட்டுப் போ, யாரு வேண்டாங்கறா? எழுதாத, அவ்வளவுதான்."

அவர் உள்ளே டிவி பாத்துக்கிட்டிருந்தார். சத்தத்தைக் கூட்டி வச்சார்.

6 பிப்ரவரி

எழுதாம விட்டா என்ன? சிங்காநல்லூர்ல போய் யாரு பாக்கப் போறா?

7 பிப்ரவரி

63 ஒருத்திதான்னு என்ன நிச்சயம்?

12 பிப்ரவரி, திங்கள்

விளக்கக் கடிதம் கொடுத்துட்டேன். மூணு பக்கம். கேள்வியை நான் மாத்தினது, எப்படி மாத்தினது, அதனால ஆய்வுக்கு என்ன கிடைச்சுது, யாருக்கு என்ன கிடைக்காமப் போச்சு. நாகமணி பேரை எழுதலை, 63-ன்னு எழுதினேன். நௌஷாத் சார் படிச்சுட்டு, "மூணாவது பக்கம் கட்டாயமா அக்கா?"ன்னார்.

"அதுக்காகத்தான் தம்பி மத்த ரெண்டு பக்கமும்"னேன். முதல் தடவையா தம்பின்னு வாயில வந்துச்சு. அவரும் ஒண்ணும் நினைக்கலை.

15 பிப்ரவரி, வியாழன்

குழுவுல அஞ்சு பேர்.

பதிவுகளை நீக்கமாட்டாங்க. 'இப்பகுதியின் பதில்கள் அவரவர் வழக்க நிலையோடு ஒப்பிட்டவை'ன்னு குறிப்பு போட்டு வச்சுக்குவாங்க. எழுபத்தொரு பேரும் ஆய்வுல இருக்காங்க. இட்டுக்கட்டியதுங்கற வார்த்தை இல்லை. அறிக்கையோட முதல் வரியையும் மாத்தறாங்க. மூணாவது பக்கத்துக்கு மட்டும், கடமையில் குறைபாடுன்னு என் கோப்புல ஏத்தினாங்க. விடைபெறு விழாவுல சிறந்த களப்பணியாளர்னு எனக்குக் கொடுக்க இருந்த கேடயம் கிடையாது.

வத்சலா மேடம், "வேற ஏதாவது சொல்லணுமா துளசிமணி?"ன்னாங்க.

"எழுபத்தொரு வீட்டுக்கும் இன்னொரு தரம் போறனுங்க மேடம். பாரத்துல இருக்கற மாதிரியே நாளை எண்ணிக் கேக்கறேன். நாலு வந்தவங்களுக்கு டாக்டர் வேணும். வண்டி வேணும்."

அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. சரின்னுட்டாங்க.

19 பிப்ரவரி

ஆறு வீடு. மொபெட் பஞ்சர்.

23 பிப்ரவரி, வெள்ளி

12-ம் நம்பர்ல இன்னும் அதே தட்டு, அதே வர்க்கி. பல்லு போன எனக்கு டீயில முக்கிக் கொடுத்தா. எண்ணச் சொன்னதும், "ரெண்டு நாளுங்க. மருமக ஊருக்குப் போயிருந்தா, அந்த ரெண்டு நாளு ரொம்ப நிம்மதி. அட, நீங்க கஷ்டத்தையா கேட்டீங்க? அப்ப மாத்திப் போடுங்க"ன்னா. சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிருச்சு. இந்த வேலையை விட்டுட்டு நான் எங்க போவேன்?

1 மார்ச், வெள்ளி

முப்பத்தஞ்சு முடிஞ்சுது. நாலு பேருக்கு மார்க் நாலு. 22-ம் நம்பர் வீட்டுக்காரி எனக்கு எல்லாக் கல்யாணத்துக்கும் பத்திரிகை வச்சவ. எல்லா நாளும்னு சொல்லிட்டு, "இதைச் சொல்லலாம்னு தெரியாதுங்க"ன்னா.

11 மார்ச்

எல்லாரும் எண்ணறப்ப முதல்ல சிரிக்கறாங்க. அப்புறம் விரல் நின்னுருது, இல்லேன்னா ஓடுது. நின்னதும் எனக்குத் தெரிஞ்சுரும்.

20 மார்ச், புதன்

கடைசி வீடு. 71. மூணு மணிக்கு வெளியே வந்தேன். தெருவுல வெயில் மட்டும்தான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காம நின்னேன். இங்க நான் முப்பத்தொன்பது வயசுல வந்தேன், கறுப்பு முடியோட. எதிர்ல மில் கேட்டுல அவர் சைக்கிளைச் சாய்ச்சு வச்சுட்டு எனக்காக நிப்பார், நான் பாக்காத மாதிரி ஸ்டெல்லாவோட பேசிக்கிட்டே வருவேன். மணி அடிப்பார்.

ஒன்பது பேர். எழுபத்தொண்ணுல ஒன்பது பேர் எல்லா நாளும். ஏறினதும் இல்லை, இறங்கினதும் இல்லை. நான் டீ குடிச்சுட்டு வந்துக்கிட்டிருந்திருக்கேன்.

22 மார்ச்

அவருக்குக் கஞ்சி வச்சுக் கொடுத்தேன். மேசையில வெத்துப் பாரம் ஒரு கட்டு மீந்து கிடந்துச்சு.

27 மார்ச், புதன்

விடைபெறு விழா. கேடயம் ஸ்டெல்லாவுக்கு. வாங்கிட்டு நேரா வந்து என் மடியில போட்டா, "பாத்திரம் தேய்க்கற இடத்துல வச்சுக்கோ"ன்னா. கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோம். நல்ல சாப்பாடு, பால் பாயசம் மட்டும் திகட்டல்.

28 மார்ச், வியாழன்

நௌஷாத் தம்பி போன் பண்ணினார்.

"அக்கா, புதுப் பாரம் எல்லாம் ஏத்திட்டேன். ஒரு சந்தேகம். பட்டியல்ல எழுபத்தொரு பேர். கட்டுல எழுபத்திரண்டு பாரம் இருக்கு. கடைசிக்கு நம்பர் போடலை. வயசு ஐம்பத்தாறு, முழு நேர வேலை, வீட்டுல ரெண்டு பேர். மனக்கஷ்டத்துக்கு நாலு. ஓரத்துல '2013-ல் இருந்து'ன்னு எழுதியிருக்கு. இது யாருங்க்கா?"

அடுக்களையில நின்னுக்கிட்டிருந்தேன். முன்னறையில அவர் டிவி பாத்துக்கிட்டிருந்தார். மில் மூடின அன்னைக்கு வந்து உக்காந்த நாற்காலி. அதுக்கப்புறம் இன்னைக்கு எத்தனை வீடுன்னு என்னை ஒரு நாளும் கேட்டதில்லை. கேக்காததை நானும் சொன்னதில்லை.

வெளியே போய்ப் பேசலாம்னு செருப்பைத் தேடினேன். அப்புறம் அங்கேயே நின்னேன். அவர் காதுல விழற மாதிரியே சொன்னேன்.

"நான்தான் தம்பி. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட வண்டி போகுதில்ல, அதுல ஒன்பது பேர்னு சொல்லாதீங்க. பத்து பேருக்கு இடம் வைக்கச் சொல்லுங்க."

டிவி சத்தம் நின்னுருச்சு.